வளிமண்டல அழுத்தம்: ஒரு கோளின் தரையைத் தீர்மானிக்கும் எடை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொலைக்காட்சியைத் திறந்தால், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருப்பதாகச் செய்தி வருகிறது. செவ்வாயையும் வெள்ளியையும் பற்றிப் பேசும் காணொளிகளிலும் அழுத்தம் அடிக்கடி இடம்பெறுகிறது. அதைச் சிலர் காற்றின் வேகமாகவும், சிலர் வெப்பத்தின் மறுபெயராகவும் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளியை உலையாக்கியது அங்குள்ள அழுத்தம்தான் என்றும், செவ்வாயில் ஆறு ஓடாததற்குக் குளிர் ஒன்றே காரணம் என்றும் பலரும் நம்புகிறார்கள். முதல் கருத்து தவறு; இரண்டாவது கருத்து பாதிதான் உண்மை. ஒரு கோளின் தரையில் தண்ணீர் தேங்குமா, மணல் பறக்குமா, விண்கல் விழுந்தால் பள்ளம் விழுமா என்பவற்றுக்கெல்லாம் விடை அழுத்தத்தில் பெருமளவு அடங்கியிருப்பதால், அதை அடிப்படையிலிருந்து புரிந்துகொள்வது நல்லது.

காற்றுக்கும் எடை உண்டு

கண்ணுக்குத் தெரியாததால் காற்றுக்கு எடையே இல்லை என்று தோன்றுகிறது. உண்மையில் கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடையுள்ளது. பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட ஓர் அறைக்குள் 30 கிலோகிராமுக்கும் அதிகமான காற்று இருக்கிறது.

பத்து இலவம்பஞ்சு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். எல்லா மெத்தையிலும் ஒரே அளவு பஞ்சுதான். ஆனாலும் உச்சியில் இருப்பது உப்பலாக இருக்கும். அடியில் இருப்பது மேலேயுள்ள ஒன்பதின் பாரத்தையும் தாங்கி நசுங்கியிருக்கும். வளிமண்டலமும் அப்படித்தான். ஈர்ப்பு விசை காற்றைத் தரையை நோக்கி இழுக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் தனக்கு மேலேயுள்ள எல்லா அடுக்குகளின் எடையையும் தாங்குகிறது. அதனால் தரையருகே காற்று அடர்த்தியாகவும், மேலே செல்லச் செல்ல நெகிழ்ந்தும் இருக்கிறது. பூமியில் சுமார் 5.5 கிலோமீட்டர் உயரத்துக்குச் சென்றால் வளிமண்டலத்தின் பாதி நமக்குக் கீழே போய்விடும்.

ஓரிடத்தின் மேலே நிற்கும் காற்றுத் தூண், அந்த இடத்தின் ஒவ்வொரு சதுர அளவு பரப்பின்மேலும் செலுத்தும் விசையே வளிமண்டல அழுத்தம். அதை இக்கட்டுரையில் மில்லிபார் என்ற அலகால் குறிப்போம். வானிலைத் துறை பயன்படுத்தும் ஹெக்டோபாஸ்கலும் இதுவும் ஒரே அளவுதான். கடல் மட்டத்தில் சராசரி அழுத்தம் 1013 மில்லிபார். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேலும் ஒரு கிலோகிராமுக்குச் சற்று அதிகமான எடை. ஒரு சதுர மீட்டர் தரையின்மேல் 10 டன்னுக்கும் அதிகம்.

இவ்வளவு எடையில் நாம் ஏன் நசுங்கவில்லை?

மெத்தை உவமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது, ஏனெனில் மெத்தை கீழ்நோக்கி மட்டுமே அழுத்தும். காற்றோ எண்ணற்ற மூலக்கூறுகளால் ஆனது. சாதாரண வெப்பநிலையில் அவை நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்ந்து, எதிர்ப்படும் பொருள்களின்மேல் இடைவிடாது மோதுகின்றன. அந்த மோதல்களின் மொத்த விளைவையே நாம் அழுத்தமாக அளக்கிறோம். மேலேயுள்ள காற்றின் எடை கூடினால், கீழே மூலக்கூறுகள் நெருக்கமாகத் திரண்டு, ஒவ்வொரு நொடியும் அதிக முறை மோதும். எடை காரணம் என்றால், மோதல் அது வெளிப்படும் வழி.

மோதல் எல்லாத் திசைகளிலும் நிகழ்வதால் அழுத்தமும் எல்லாத் திசைகளிலும் சமமாகச் செயல்படுகிறது. மேசையை மேலிருந்து அழுத்தும் காற்று அடியிலிருந்தும் அழுத்துகிறது. நம் உடலுக்குள் உள்ள நீர்மங்களும் நுரையீரல் காற்றும் அதே அழுத்தத்தில் இருப்பதால், உள்ளும் புறமும் சமனாகி, நமக்குப் பாரம் தெரிவதில்லை.

இதை முதலில் தெளிவாக விளக்கியவர்களில் ஒருவர் இத்தாலியின் டாரிசெல்லி. பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பாதரசத் தொட்டியில் கவிழ்த்தால், குழாயில் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாதரசம் நிற்கும் என்பதையும், அதைத் தாங்குவது வெளியே தொட்டியை அழுத்தும் காற்றின் எடையே என்பதையும் அவர் 1644-இல் எழுதிய கடிதத்தில் விளக்கினார். அது உண்மையானால் மலைமேல் பாதரசம் தாழ வேண்டும் என்று பிரான்சின் பாஸ்கல் எண்ணினார். அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய அக்காள் கணவர் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று புய் தெ தோம் என்ற மலைமீது குழாயைக் கொண்டு சென்றபோது, பாதரசம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தாழ்ந்தது. அறிவியல் வரலாற்றின் மிக நேர்த்தியான சோதனைகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். ஒரே ஒரு மலையேற்றத்தில் கேள்வி தீர்ந்துபோனது.

பாதரசத்துக்குப் பதில் தண்ணீரை வைத்தால், அதே காற்று 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். தரைமேல் வைத்த மோட்டார் அந்த ஆழத்துக்கும் கீழேயுள்ள கிணற்று நீரை உறிஞ்ச முடியாமல் போவது இதனால்தான். மோட்டார் நீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே உள்ள காற்று நீரை மேலே தள்ளுகிறது. காற்றின் தள்ளும் ஆற்றலுக்கு எல்லை இருப்பதால், ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டாரையே நீருக்குள் இறக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை பார்த்தது இதுதான்: அழுத்தம் மேலேயுள்ள காற்றின் எடையால் உண்டாகிறது, மூலக்கூறுகளின் மோதலாக எல்லாத் திசையிலும் வெளிப்படுகிறது, உயரம் கூடக் குறைகிறது.

வானிலைச் செய்தியில் வரும் தாழ்வு

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றால் அங்கே காற்றே இல்லாமல் போய்விட்டது என்று பொருளில்லை. சுற்றுப்புறத்தைவிட அங்கே அழுத்தம் சில மில்லிபார்கள் குறைந்திருக்கும், அவ்வளவே. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலின் மையத்தில்கூட அழுத்தம் 912 மில்லிபாராக மதிப்பிடப்பட்டது. வழக்கமான அளவில் அது பத்தில் ஒரு பங்கு குறைவுதான். காற்றை ஓடவைப்பது ஓரிடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு. குறுகிய தொலைவுக்குள் அந்த வேறுபாடு பெரிதாக இருந்தால் காற்று சீறிப் பாய்கிறது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புயலின்போது கரையேறும் கடல்நீரின் பெரும்பகுதி காற்றால் தள்ளப்படுவதென்றாலும், அதில் ஒரு சிறு பங்கு இந்த உயர்வுதான்.

கோளுக்குக் கோள் அழுத்தம் ஏன் மாறுகிறது?

காற்றுத் தூணின் எடையை இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன: அந்தத் தூணில் எவ்வளவு வாயு இருக்கிறது என்பதும், கோளின் ஈர்ப்பு அதை எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பதும். பெரிய கோளில் அழுத்தம் அதிகமாகவும் சிறிய கோளில் குறைவாகவும் இருக்கும் என்ற எண்ணம் இங்கே உடைந்துபோகிறது. வெள்ளி ஏறக்குறைய பூமியின் அளவே உள்ளது. ஈர்ப்பும் பூமியில் பத்தில் ஒன்பது பங்கு. ஆனால் அதன் தரையில் அழுத்தம் பூமியைப்போல் 90 மடங்குக்கும் அதிகம். செவ்வாயில் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 6 மில்லிபார், அதாவது பூமியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு சனியின் துணைக்கோளான டைட்டன். அது செவ்வாயைவிடச் சிறியது; ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்குதான். இருந்தும் அதன் தரையழுத்தம் பூமியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இவ்வளவு பலவீனமான ஈர்ப்பில் இவ்வளவு எடை வர வேண்டுமென்றால், அங்கே ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் பூமியில் இருப்பதைப்போல் பத்து மடங்கு வாயு நிற்க வேண்டும், உண்மையிலேயே நிற்கிறது. கடுங்குளிரில் மூலக்கூறுகள் மெதுவாக நகர்வதால், சிறிய ஈர்ப்பிலிருந்தும் அவை எளிதில் தப்பிவிடுவதில்லை.

வெள்ளியும் பூமியும் இவ்வளவு வேறுபட்டதற்குக் காரணம் வேறு. வெள்ளியின் காற்றில் 96 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. பூமியிலும் கார்பன் குறைவில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி கடலில் கரைந்து, படிந்து, சுண்ணாம்புக்கல்லாகப் பாறைக்குள் அடங்கிவிட்டது. அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் அத்தகைய பழங்கடல் படிவுதான். உலகின் எல்லாச் சுண்ணாம்புக்கல்லிலும் அடைபட்ட வாயு மொத்தமும் ஒருநாள் வெளியேறினால், பூமியின் தரையழுத்தம் வெள்ளியோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு ஏறிவிடும்.

தண்ணீர் நிற்குமா, மறையுமா?

தரையின் மேல் அழுத்தம் செய்யும் மிகப் பெரிய வேலை இதுதான். திரவ நீரிலிருந்து மூலக்கூறுகள் ஓயாமல் வெளியேற முயல்கின்றன. சூடு கூடக் கூட அந்த முயற்சியின் வலு கூடுகிறது. மேலிருந்து காற்று கொடுக்கும் அழுத்தத்துக்கு அந்த வலு சமமாகும்போது, நீரின் உள்ளேயே நீராவிக் குமிழ்கள் உருவாகின்றன. அந்த வெப்பநிலையே கொதிநிலை. ஆகவே தண்ணீர் 100 பாகை (டிகிரி) செல்சியசில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் அது 92 அல்லது 93 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவது அதனால்தான். குக்கரின் வெயிட் உள்ளே அழுத்தத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக் கொதிநிலையை 120 பாகைக்கு உயர்த்துகிறது. எவரெஸ்ட் உச்சியில் அழுத்தம் கடல் மட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. கொதிநிலை 70 பாகையை ஒட்டி இறங்கிவிடுகிறது.

அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? கொதிநிலை இறங்கிக்கொண்டே வருகிறது. உறைநிலையோ அநேகமாக அசையாமல் 0 பாகையிலேயே இருக்கிறது. 6.1 மில்லிபாரில் இரண்டும் சந்திக்கின்றன. பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் சேர்ந்திருக்கக்கூடிய இந்த ஒரே நிலையை மும்மைப் புள்ளி என்கிறார்கள். அழுத்தம் இதற்கும் கீழே போனால், தூய நீர் திரவமாக இருக்கவே இடமில்லை. பனிக்கட்டியைச் சூடாக்கினால் அது உருகாமல் நேராக ஆவியாகும். கற்பூரம் போல் திடப்பொருள் நேரடியாக ஆவியாவதைப் பதங்கமாதல் என்பர்.

செவ்வாயின் சராசரி அழுத்தம் மும்மைப் புள்ளியை ஒட்டியே இருப்பது வியப்பூட்டும் ஒற்றுமை. அங்கே நிலநடுக்கோட்டில் கோடை நண்பகலில் தரை 20 பாகை வரை சூடேறுவதுண்டு. ஆக, வெப்பநிலை மட்டும் போதுமென்றால் சில மணி நேரமாவது நீர் தேங்க வேண்டும். பெரும்பாலான உயர்நிலங்களில் அழுத்தம் போதாததால் அது நடப்பதில்லை. ஹெல்லாஸ் என்ற மாபெரும் பள்ளத்தின் அடியில் அழுத்தம் 12 மில்லிபார் வரை இருக்கிறது. அங்கும் தண்ணீர் 10 பாகையிலேயே கொதித்துவிடும். 0 பாகையில் உறையும். திரவத்துக்குக் கிடைக்கும் இடைவெளி வெறும் 10 பாகை. அந்த இடைவெளியிலும் காற்று மிக வறண்டிருப்பதால் நீர் விரைந்து ஆவியாகிவிடும். 2008 ஜூன் மாதத்தில் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயின் வடதுருவப் பகுதியில் தோண்டிய சிறு குழியில் வெண்மையான துண்டுகள் தென்பட்டன. நான்கு நாள்களில் அவை ஈரத்தடம்கூட விடாமல் மறைந்தன. உப்பாக இருந்தால் அப்படி மறையாது. அது பனிக்கட்டிதான் என்று அறிவியலாளர்கள் உறுதிசெய்தது அப்படித்தான்.

சுருக்கமாக, ஒரு தரையில் நீர் திரவமாக நிற்க வெப்பநிலையும் அழுத்தமும் சேர்ந்து பொருந்த வேண்டும். பூமியில் அந்த இடைவெளி 100 பாகை அகலமானது; செவ்வாயில் அது அநேகமாக மூடிக்கிடக்கிறது.

அழுத்தம் சூட்டை உண்டாக்குகிறதா?

வெள்ளியின் தரை 460 பாகைக்கு மேல் கொதிக்கிறது. அழுத்தமும் மிக அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், அழுத்தம்தான் சூட்டைப் பிறப்பிக்கிறது என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். வாயுவை அழுத்தும் அந்த நேரத்தில் அது சூடாவது உண்மையே. ஆனால் அழுத்தி முடித்தபின் அந்தச் சூடு வெளியேறிவிடும். மருத்துவமனையில் நிற்கும் நிரப்பிய ஆக்சிஜன் உருளைக்குள் அழுத்தம் வெள்ளியின் தரையில் இருப்பதைவிட அதிகம். உருளையைத் தொட்டுப் பார்த்தால் அறையின் வெப்பநிலையில்தான் இருக்கும். பூமியைவிட அழுத்தம் கூடிய டைட்டனின் தரையோ மைனஸ் 179 பாகையில் உறைந்து கிடக்கிறது.

வெள்ளியின் வெப்பத்துக்கு உண்மைக் காரணம் பசுமை இல்ல விளைவு: சூரிய ஒளியை ஓரளவு உள்ளே விடும் வாயுக்கள், தரையிலிருந்து வெளியேறும் அகச்சிவப்பு வெப்பக் கதிர்களைத் தடுத்து வைப்பது. வெள்ளியின் மேகங்கள் சூரிய ஒளியில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால், அந்தக் கோள் பூமியைவிடக் குறைவான சூரிய ஆற்றலையே உள்வாங்குகிறது. அப்படியிருந்தும், சூரியனுக்கு இன்னும் அருகில் இருக்கும் புதனைவிட அது சூடாக இருக்கிறது.

அப்படியானால் அழுத்தத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு; அது மறைமுகமானது. அடர்ந்த கார்பன் டை ஆக்சைடுக்குள் சிக்கிய வெப்பம், காற்றின் மிக உயர்ந்த, குளிர்ந்த அடுக்குகளை எட்டிய பிறகே விண்வெளிக்குத் தப்ப முடிகிறது. அங்கிருந்து இறங்கும் காற்று, கூடிவரும் அழுத்தத்தால் சுருங்கி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சில பாகை சூடேறுகிறது. கோயம்புத்தூரைவிட ஊட்டி குளிர்ந்திருப்பதற்கும் இதே இயக்கம்தான் காரணம். பூமியில் இந்த ஏற்றம் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 பாகை, வெள்ளியில் ஏறத்தாழ 8 பாகை. வெள்ளியில் வெப்பம் தப்பும் உயரத்துக்கும் தரைக்கும் இடையே பல பத்துக் கிலோமீட்டர் இருப்பதால், தரைக்கு வரும்போது வித்தியாசம் நூற்றுக்கணக்கான பாகையாகிவிடுகிறது. வெப்பத்தைத் தருவது சூரியன், அடைத்து வைப்பது வாயுவின் தன்மை. அந்த வாயு எவ்வளவு ஆழத்துக்கு அடுக்கப்பட்டிருக்கிறது என்பதையே அழுத்தம் காட்டுகிறது.

கனத்த காற்று வெப்பத்தைச் சீராகப் பங்கிட்டும் விடுகிறது. வெள்ளியில் ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 117 பூமி நாள்கள் ஆகின்றன. இருந்தும் அதன் இரவுத் தரை பகலைப்போலவே தகிக்கிறது. காற்று இல்லாத நிலவின் நடுக்கோட்டிலோ பகலில் 120 பாகை, இரவில் மைனஸ் 130 பாகை.

காற்றின் வேகமும் காற்றின் வலுவும்

செவ்வாயில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாகக் கேட்டால் நமக்குப் புயல் நினைவுக்கு வரும். காற்று ஒரு பொருளின்மேல் செலுத்தும் விசை வேகத்தை மட்டுமின்றி அடர்த்தியையும் பொறுத்தது. செவ்வாயின் காற்றடர்த்தி பூமியில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. எனவே அந்த 100 கிலோமீட்டர் காற்று, இங்கே மணிக்கு 13 கிலோமீட்டரில் வீசும் தென்றலின் விசையையே தரும். விண்கலத்தைக் கவிழ்க்க அதற்கு வலு போதாது. ஆனால் மிக நுண்ணிய தூசியைக் கிளப்ப அது போதும்; கிளம்பிய தூசி மெல்ல இறங்குவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது கோள் முழுவதையுமே மூடிவிடுகிறது. 2018-இல் எழுந்த அத்தகைய தூசிப் புயலில் சூரிய ஒளி கிடைக்காமல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி செயலிழந்தது.

வெள்ளியில் நிலைமை தலைகீழ். தரையருகே காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், நடைவேகத்தில்தான் நகர்கிறது. அதன் அடர்த்தி பூமியின் காற்றைப்போல் 50 மடங்குக்கு மேல் இருப்பதால், இங்கே மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று தரும் விசையை அது தருகிறது.

வானிலிருந்து விழுபவை

வேகமாகப் பாய்ந்துவரும் கல்லைக் கனத்த காற்று தடுத்து, நொறுக்கி, எரித்துவிடும். நிலவில் காற்று இல்லாததால் மணல் துகள் அளவுள்ள கல்லும் தரையில் வடுவை விட்டுச் செல்கிறது. செவ்வாயில் இன்றும் புதிய சிறு பள்ளங்கள் உருவாவதைச் சுற்றுக்கலங்கள் படமெடுத்துக்கொண்டிருக்கின்றன. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வந்த சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள விண்கல், 30 கிலோமீட்டர் உயரத்திலேயே வெடித்துச் சிதறியது. மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரியை உண்டாக்கியது போன்ற பெரிய கற்கள் மட்டுமே பூமியின் தரையைப் பெரிதாகக் குடைய முடியும். வெள்ளியில் இந்தச் சல்லடை இன்னும் நெருக்கமானது: மெகல்லன் விண்கலம் ரேடார் கொண்டு வரைந்த வரைபடத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளங்கள் உள்ளன, சில நூறு மீட்டர் அகலமுள்ள சிறு பள்ளங்களோ காணப்படவில்லை.

நாம் அனுப்பும் கலங்களுக்கும் இதே விதிதான். நிலவில் பாராசூட்டால் பயனில்லாததால் சந்திரயான்-3 இறங்குகலம் என்ஜின் விசையை மட்டுமே நம்பி இறங்கியது. செவ்வாயில் பாராசூட் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. சோவியத்தின் வெனெரா-13 வெள்ளியில் இறங்கியபோது பாராசூட்டை உயரத்திலேயே கழற்றிவிட்டு, ஒரு தட்டையான வளையத்தின் தடையை மட்டும் கொண்டு கனத்த காற்றில் மெதுவாக இறங்கியது. தரையைத் தொட்டபின் 127 நிமிடங்கள் தகவல் அனுப்பியது.

அழுத்தம் நிலையானதன்று

செவ்வாயின் தென்துருவக் குளிர்காலத்தில் காற்றே உறைகிறது. கார்பன் டை ஆக்சைடு பனியாகத் தரையில் படிவதால், கோள் முழுவதிலும் அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. வெயில் திரும்பியதும் அது மீண்டும் காற்றாகிறது. 1976-இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் இந்த ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தன.

நீண்ட காலத்து மாற்றம் இன்னும் பெரிது. செவ்வாயில் வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகள் ஏராளம்; 2021 பிப்ரவரி 18 அன்று பெர்செவரன்ஸ் ஊர்தி இறங்கிய யெசேரோ பள்ளத்தில் ஆறு ஏரியில் கலந்த கழிமுகமே பாறையாக நிற்கிறது. 6 மில்லிபார் அழுத்தத்தில் அப்படியொரு கழிமுகம் உருவாகியிருக்க முடியாது. 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே காற்று இன்றைவிடப் பன்மடங்கு கனமாக இருந்திருக்க வேண்டும். செவ்வாயின் ஈர்ப்பு சிறியது. கோளை முழுதும் காக்கும் காந்தப்புலமும் அதற்கு இல்லாமல் போனது. 2014-இல் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த மேவன் விண்கலம், சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம் அதன் மேல்வளியை இன்றும் சிறிது சிறிதாக விண்வெளிக்கு அடித்துச் செல்வதை நேரடியாக அளந்திருக்கிறது. காற்று மெலிந்தபோது கொதிநிலை இறங்கியது, ஏரிகள் வற்றின, மிஞ்சிய நீர் நிலத்தடியிலும் துருவங்களிலும் பனிக்கட்டியாக ஒதுங்கியது.